செகண்ட் ஹேண்ட் ட்ரைபாட் வாங்கப் போகும்போது

அழுகண்ணி என்று ஒரு செடி இருக்கிறது. அகலம் ஐந்து ரூபாய் நாணயம் அளவுதான். ஈரமான மணல் தரையோடு ஒட்டிக்கொண்டு, சிவப்பு முடிகளின் நுனியில் பசைத் துளிகளை ஏந்தி, பூச்சிக்காகக் காத்திருக்கும். அதைப் படமெடுக்க கேமரா தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் இறங்க வேண்டும். ஷட்டர் கால் வினாடியோ அரை வினாடியோ திறந்திருக்கும். அத்தனை நேரமும் எதுவும் அசையக் கூடாது. அதற்குத்தான் ட்ரைபாட், கேமராவைத் தாங்கும் முக்காலி.

திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறேன். இருபது வருடமாகச் செடிகளைப் படமெடுக்கிறேன். இத்தனை வருடத்தில் நான் புதிதாக வாங்கிய ட்ரைபாட் ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் கைமாறி வந்தவை. கேமரா வாங்கிய மாணவர்கள் "மேடம், ட்ரைபாட் எது வாங்கலாம்?" என்று வந்து நின்றால் பழையதைத்தான் தேடச் சொல்வேன், முடிந்தால் கூடவே போவேன். கேமராவைப் போல ட்ரைபாட் காலாவதி ஆவதில்லை. அதற்குள் சென்சார் கிடையாது, பேட்டரி கிடையாது. இருப்பது குழாய், பூட்டு, மரை, கொஞ்சம் ரப்பர், அவ்வளவுதான். ஒழுங்காகச் செய்த ஒரு அலுமினிய ட்ரைபாட் முப்பது வருடம் உழைக்கும். புதிதாக வாங்கினால் ஆடுகிற ஒன்றுதான் கிடைக்கும் என்கிற பணத்துக்கு, பழையதில் அசையாத ஒன்று கிடைத்துவிடும்.

போகும்போது ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கால்களில் வரும் குறைகளில் பாதிக்கு மேல் ஆலன் கீயும் (அறுகோணச் சாவி) சோப்புத் தண்ணீரும் இருந்தால் வீட்டிலேயே தீர்ந்துவிடும். கால்களுக்கு மேலே கேமராவைப் பிடித்துச் சாய்த்துத் திருப்பும் பாகமான ஹெட் தேய்ந்துவிட்டால் வீட்டில் வைத்துச் சரிசெய்ய வழியில்லை. அதனால் கால்களைப் பார்க்கும்போது கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம், ஹெட்டைப் பார்க்கும்போது கறாராக இருக்க வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். காலில் கீறல் இருக்கிறது என்று வேண்டாம் என்பார்கள், ஹெட்டை இரண்டு முறை ஆட்டிப் பார்த்துவிட்டுச் சரி என்பார்கள்.

நானும் ஒருமுறை அப்படித்தான் வாங்கினேன். பளபளவென்று இருந்த பால் ஹெட், அதாவது ஒரு பந்தின் மேல் எந்தப் பக்கமும் சாயும் வகை. கையில் சுற்றிப் பார்த்தேன், வெண்ணெய் போல நகர்ந்தது. மறுவாரமே மழை விட்ட ஒரு காலையில் அதை எடுத்துக்கொண்டு அழுகண்ணி தேடிப் போனேன். மண்டி போட்டு நாற்பது படங்கள் எடுத்தேன். வீட்டுக்கு வந்து திரையில் பெரிதாக்கிப் பார்த்தால், பசைத் துளியில் நான் வைத்த ஃபோகஸ் எல்லாப் படத்திலும் முன்னால் இருக்கிற மணலில் கிடக்கிறது. பூட்டை இறுக்கிக் கையை எடுத்த பிறகு அந்த ஹெட் மெல்ல ஒரு மயிரிழை தாழ்ந்திருக்கிறது. ஒன்றுக்கு ஒன்று அளவில், அதாவது செடியின் நிஜ அளவே சென்சாரிலும் விழும்படி, மேக்ரோ எடுக்கும்போது ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் அகலத்தில் விழுவது வெறும் 36 மில்லிமீட்டர். அங்கே ஒரு மில்லிமீட்டர் தாழ்ந்தாலே படம் போய்விடும். மலையையோ கோயில் கோபுரத்தையோ எடுப்பவருக்கு அந்தத் தாழ்வு தெரிந்தே இருக்காது. விற்றவருக்கும் அது தெரியாமலே இருந்திருக்கலாம்.

கிளம்பும் முன்

முதலில் உங்கள் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். என் உயரம் 157 சென்டிமீட்டர், கண் மட்டம் 147. இதில் ஹெட்டுக்குப் பத்து, கேமராவின் அடியிலிருந்து வியூஃபைண்டர் வரை ஒன்பது கழித்தால் மீதி 128. நடுத்தண்டை (கால்களுக்கு நடுவே மேலும் கீழும் நகரும் கம்பத்தை) தூக்காமல், கால்கள் மட்டும் நீண்டு இந்த உயரம் வந்தால் எனக்குப் போதும். ஆறடி உயரமுள்ள பையனுக்கு இதே கணக்கு 150-ஐத் தாண்டும். விளம்பரத்தில் போடும் உயரம் பெரும்பாலும் நடுத்தண்டை முழுக்கத் தூக்கிய உயரம், அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். தண்டைத் தூக்கிவிட்டால் மூன்று காலில் நிற்கும் கேமரா ஒற்றைக் காலுக்கு வந்துவிடுகிறது.

என்னைப் போலத் தரையில் கிடக்கும் செடிகளைத்தான் எடுப்பீர்கள் என்றால் உயரத்தைவிடத் தாழ்வுதான் முக்கியம். கால்களின் கோணத்தைத் தனித்தனியாக அகட்டிக் கிட்டத்தட்டத் தரையோடு படுக்க வைக்க முடிகிறதா, நடுத்தண்டு குட்டையாகவோ கழற்றக் கூடியதாகவோ பக்கவாட்டில் திருப்பக் கூடியதாகவோ இருக்கிறதா என்று கேளுங்கள். நீளமான தண்டு கீழே முட்டிக்கொண்டு நின்றால், கால்களை எவ்வளவு அகட்டினாலும் கேமரா இறங்காது.

சந்தையில் அடிக்கடி கண்ணில் படுகிறவற்றைச் சொல்கிறேன். மான்ஃப்ரோட்டோ நிறுவனத்தின் 190, 055 வரிசைகள் இங்கே நிறையக் கைமாறுகின்றன. 055எக்ஸ்புரோபி கிட்டத்தட்ட 2.4 கிலோ, தண்டைத் தூக்காமலே 142 சென்டிமீட்டர் நிற்கும். 190எக்ஸ்புரோபி 1.8 கிலோ, 122 சென்டிமீட்டர். இரண்டிலும் நடுத்தண்டைப் படுக்கையாகத் திருப்பலாம், தரையை ஒட்டி இறங்கலாம். செடிக்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது இந்த விலையில் கிடைப்பது கடினம். அமெரிக்காவிலிருந்து உறவினர் யாராவது கொண்டுவந்த பழைய ட்ரைபாட்டில் போகன் என்று பெயர் இருந்தால் ஒதுக்கிவிடாதீர்கள். அது பெரும்பாலும் மான்ஃப்ரோட்டோ செய்ததுதான், அங்கே அந்தப் பெயரில் விற்றார்கள். பென்ரோ, சிரூயி, வான்கார்ட், ஜப்பானின் ஸ்லிக், வெல்பான் ஆகியவற்றிலும் நல்ல மாடல்கள் உண்டு. கிட்ஸோ கிடைத்தால் அதிர்ஷ்டம், ஆனால் அதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

வாங்கவே கூடாதது ஒன்று உண்டு. மூன்று கால்களையும் நடுவில் குறுக்குக் கம்பிகள் இணைத்திருக்கும், தண்டைத் தூக்கச் சின்னக் கைப்பிடி ஒன்று இருக்கும், தலையில் ஒற்றைக் கம்பியோடு பிளாஸ்டிக் ஹெட் இருக்கும். இணைய விளம்பரங்களில் பாதி இதுதான். குறுக்குக் கம்பி இருப்பதால் கால்களைத் தனித்தனியாக அகட்ட முடியாது. கைபேசி வீடியோவுக்கு இது பரவாயில்லை. மேக்ரோ லென்ஸ் மாட்டிய கேமராவுக்கு இது ஆகாது.

பையில் எடுத்துப் போக வேண்டியவை: உங்கள் சொந்தக் கேமரா, உங்களிடம் இருப்பதிலேயே கனமான லென்ஸ், ஒரு ஆலன் கீ செட், டேப், பென்சில், வெள்ளைத் துணி ஒன்று. விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "அரை மணி நேரம் ஆகும் சார், கேமரா மாட்டிப் பார்த்துத்தான் வாங்குவேன்." இதற்குத் தயங்குகிறவரிடம் போக வேண்டாம்.

கால்கள்

எல்லாக் கால்களையும் முழுக்க நீட்டிப் பூட்டுங்கள். ஒவ்வொரு இணைப்பிலும் பூட்டுக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். இப்போது மேலே உள்ளங்கையை வைத்து, உடம்பின் எடையில் கொஞ்சம் கொடுத்து அழுத்துங்கள். கோடு பூட்டுக்குள் போய் மறைந்தால் அந்தப் பூட்டு வழுக்குகிறது. மடக்குப் பூட்டாக (சின்ன நெம்பை மடக்கி மூடுவது) இருந்தால் பயப்பட வேண்டாம், பக்கத்தில் இருக்கும் போல்ட்டைக் கால் சுற்று இறுக்கினால் பெரும்பாலும் சரியாகும். அங்கேயே இறுக்கிப் பாருங்கள். ஆனால் அந்த மடக்கைத் தாங்கும் வளையத்தில் விரிசல் இருக்கிறதா என்று கைபேசி டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். விரிசல் விட்ட வளையத்தை இறுக்க இறுக்க இன்னும் பிளக்கும். மாற்று வளையம் கிடைக்கும் மாடலா என்று தெரியாமல் வாங்காதீர்கள்.

திருகுப் பூட்டாக இருந்தால் காதை வைத்துத் திருகுங்கள். நறநறவென்றால் உள்ளே மணல். எங்கள் பக்கத்தில் இதைச் சொல்லியே ஆக வேண்டும். திருச்செந்தூர்ப் பக்கம் தேரிக் காட்டின் செம்மணல் மாவு போல இருக்கும், எதற்குள்ளும் புகுந்துவிடும். அங்கே படமெடுத்தவரின் ட்ரைபாட்டை ஒரே ஒரு திருகில் கண்டுபிடித்துவிடலாம். வெள்ளைத் துணியால் உள்குழாயைத் துடைத்தால் துணி காவியாகும். கழுவினால் போய்விடும், ஆகவே இது வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் இல்லை, விலை குறைக்கக் காரணம். கடல் தண்ணீரில் நின்ற அலுமினியம் வேறு விஷயம். பூட்டைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருக்கும், நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்து கீழே குழி தெரியும். குழி விழுந்த குழாய் சீராக வழுக்காது. அதை விட்டுவிடுங்கள்.

கால்கள் மேலே சேரும் இடத்தைப் பாருங்கள். ட்ரைபாட்டைப் படுக்கையாகப் பிடித்து ஒரு காலை மட்டும் விலக்கி விடுங்கள். பொத்தென்று விழுந்தால் அங்கே உள்ள போல்ட் தளர்ந்திருக்கிறது, இறுக்கிக்கொள்ளலாம். மெல்ல இறங்கினால் நல்லது. அப்புறம் நிற்க வைத்து, மேல் தட்டை இரு கையாலும் பிடித்து, துணி பிழிவது போல முறுக்குங்கள். இந்தச் சோதனையை யாரும் செய்வதில்லை, ஆனால் இதில்தான் நிறையத் தெரியும். எல்லா ட்ரைபாட்டும் கொஞ்சம் முறுக்கிக் கொடுக்கும், விட்டதும் பழைய இடத்துக்கு வந்துவிட வேண்டும். "டக்" என்று ஒரு சத்தத்தோடு நகர்ந்தால் எங்கோ ஓர் இணைப்பில் ஆட்டம் இருக்கிறது. எது என்று தேடிப் பிடியுங்கள்: போல்ட் என்றால் சரி, பசையால் ஒட்டிய இடம் என்றால் வேண்டாம்.

பசை என்றதும் கார்பன் ஃபைபர். கிட்ஸோ முதல் கார்பன் ட்ரைபாட்டைக் கொண்டுவந்தது 1994-இல். அதனால் இன்று கைமாறும் கார்பன் ட்ரைபாட்களில் இருபது, முப்பது வயதானவையும் உண்டு. கார்பன் குழாயை உலோகத்தோடு இணைப்பது பசைதான். நம் வெயிலில் காருக்குள் பல வருடம் கிடந்த பசையை நம்ப முடியாது. ஒவ்வொரு குழாயையும் அதன் மேல் முனையில் பிடித்து இழுத்தும் திருகியும் பாருங்கள். பிறகு நாணயத்தால் குழாய் நெடுக மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். ஒரே மாதிரி ஒலிக்க வேண்டும். ஓர் இடத்தில் மட்டும் சத்தம் மொத்தையாக இருந்தால் அங்கே உள்ளே உடைந்திருக்கலாம். அலுமினியம் அடிபட்டால் நெளியும், கண்ணுக்குத் தெரியும். கார்பன் அப்படி முன்கூட்டிச் சொல்லாது. பழைய கிட்ஸோவில் இன்னொன்று: பூட்டைத் தளர்த்தினால் குழாயே சேர்ந்து சுற்றும். அது பழுதல்ல, அந்தக் காலத்து அமைப்பு. நீட்டும்போது மேல் பூட்டிலிருந்து கீழாக இறுக்க வேண்டும், மடக்கும்போது கீழிருந்து மேலாகத் தளர்த்த வேண்டும். பழகிவிட்டால் தொந்தரவு இல்லை.

காலடி ரப்பர் போயிருக்கிறதே என்று கவலைப்படாதீர்கள். மருந்துக் கடையில் ஊன்றுகோலுக்கு விற்கும் ரப்பர் புஷ்ஷில் சரியான அளவு பெரும்பாலும் கிடைக்கும். என்னுடைய ஒன்றில் ஆறு வருடமாக அதுதான் இருக்கிறது.

மூன்று அடுக்குக் காலா, நான்கு அடுக்கா என்று கேட்பார்கள். பழையது என்றால் நான் மூன்றுதான் சொல்வேன். பூட்டு ஆறுதான், நான்கடுக்கில் ஒன்பது. கடைசிக் குழாயும் அவ்வளவு மெலிந்திருக்காது. பஸ்ஸில் போகிறவர்களுக்கு நான்கடுக்கு மடங்கும் நீளம் வசதிதான், அதை மறுக்கவில்லை.

ஹெட்

இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் ஹெட்டை ஆட்டிப் பார்ப்பது எதையும் சொல்லாது. உங்கள் கேமராவையும் கனமான லென்ஸையும் மாட்டுங்கள். லென்ஸ் முன்பக்கம் கனமாக நீண்டிருக்கட்டும், கீழ்நோக்கிக் கொஞ்சம் சாய்த்துப் பூட்டுங்கள். லைவ் வியூவை (லென்ஸ் பார்ப்பதைக் கேமராவின் திரையில் காட்டுவது) பத்து மடங்கு பெரிதாக்கி, எதிர்ச் சுவரில் ஓர் ஆணித் தலையையோ காலண்டரில் ஓர் எழுத்தையோ திரையின் நடுவில் வையுங்கள். கையை எடுத்துவிடுங்கள். அந்த எழுத்து எங்கே போகிறது?

எடுத்த உடனே கொஞ்சம் இறங்கி நின்றுவிட்டால், அது பூட்டும்போது ஏற்படும் நகர்வு. எல்லா பால் ஹெட்டிலும் கொஞ்சம் இருக்கும். நல்லதில் மிகக் குறைவு. நிற்காமல் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே இருந்தால் அந்த ஹெட் வேண்டாம், இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். குறைந்தது இரண்டு நிமிடம் பாருங்கள். பேச்சுக் கொடுத்துக்கொண்டே பார்க்கலாம், விற்பவருக்கும் சங்கடமாக இருக்காது. அதே சோதனையை கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி வைத்தும் செய்யுங்கள்.

அடுத்து, பூட்டிய நிலையில் லென்ஸின் முனையை ஒரு விரலால் மேலும் கீழும் தொடுங்கள். ஆட்டம் தெரிந்தால் அது எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கேமராவுக்கும் அதன் அடியில் திருகி மாட்டும் பிளேட்டுக்கும் நடுவிலா, பிளேட்டுக்கும் அதைப் பிடிக்கும் ஹெட்டின் கவ்விக்கும் நடுவிலா, பந்திலா, அடியில் சுழலும் தட்டிலா? முதலாவது உங்கள் திருகை இறுக்கினால் போய்விடும். இரண்டாவதுக்கு வேறு பிளேட் போட்டுப் பார்க்கலாம். பந்திலோ அடித் தட்டிலோ ஆட்டம் இருந்தால் அதுதான் தேய்மானம். பந்தின் மேல் பளபளப்பான வடுக்கள் ஓடியிருக்கும், நகம் அதில் தட்டும். பந்து இறுக்கமாக இருக்கிறதே என்று யாராவது எண்ணெய் போட்டிருக்கிறார்களா என்றும் விரலால் தடவிப் பாருங்கள். பெரும்பாலான பால் ஹெட்கள் உராய்வால்தான் நிற்கின்றன. எண்ணெய் பட்டால் பிடிமானம் போயிற்று.

என்னிடம் கேட்டால், செடியும் பூவும் எடுக்கிறவர்கள் பால் ஹெட்டை விட்டுவிட்டு, கைப்பிடிகள் துருத்திக்கொண்டிருக்கும் பழைய மூவழி ஹெட்டைத் தேடுங்கள். பையில் இடத்தை அடைக்கிறது என்று பலரும் அதை விற்றுவிடுகிறார்கள், அதனால் மலிவாகக் கிடைக்கிறது. ஒரு கைப்பிடி முன்பின் சாய்வுக்கு, ஒன்று பக்கவாட்டுக்கு, ஒன்று சுழற்சிக்கு. ஒன்றைச் சரிசெய்யும்போது மற்ற இரண்டும் அப்படியே நிற்கும். பூ இடது பக்கம் கொஞ்சம் போக வேண்டும் என்றால் அதை மட்டும் நகர்த்தலாம். பால் ஹெட்டில் ஒன்றைத் தளர்த்தினால் எல்லாமே அவிழ்ந்துவிடும். மான்ஃப்ரோட்டோ 410 போலப் பல்சக்கரம் வைத்த ஹெட் கிடைத்தால் இன்னும் நல்லது. குமிழைத் திருகத் திருக இம்மி இம்மியாக நகரும். அதில் குமிழைத் திருப்பியதும் சில பாகைகள் சும்மா சுற்றி அதன் பிறகுதான் நகர்கிறது என்றால் பல் தேய்ந்திருக்கிறது. மூவழி ஹெட்டில் கைப்பிடியின் மரையையும் பாருங்கள். கைப்பிடி இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் மரை போய்விட்டது.

நெடுநாள் பெட்டியில் கிடந்த ஹெட் நகராமல் பிடித்துக்கொண்டிருக்கலாம், உள்ளே கிரீஸ் காய்ந்து பிசினாகியிருக்கும். அதைக் கழற்றிச் சுத்தம் செய்து மீண்டும் பூட்டத் தெரிந்தவருக்கு நல்ல பேரம். தெரியாதவர் தொட வேண்டாம்.

பிளேட் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். அறுகோணப் பிளேட் என்றால் பழைய மான்ஃப்ரோட்டோ, பக்கத்தில் நெம்புகோலோடு சின்னச் செவ்வகம் என்றால் அவர்களுடைய ஆர்சி2, பக்கவாட்டில் சரிவாக வெட்டிய கிட்டத்தட்ட 38 மில்லிமீட்டர் அகலப் பட்டை என்றால் ஆர்க்கா வகை. கடைசி வகைக்குப் பல நிறுவனங்கள் பிளேட் செய்கின்றன, பிரச்சினை இல்லை. மற்றவற்றில் பிளேட் தொலைந்திருந்தால் அதன் விலையைத் தேடிப் பார்த்து அந்தத் தொகையைப் பேரத்தில் கழித்துக்கொள்ளுங்கள். பிளேட் இல்லாமல் சோதிக்கவே முடியாது என்பதையும் மறக்காதீர்கள்.

கால்களையும் ஹெட்டையும் பிரித்துப் பார்க்க விடச் சொல்லுங்கள். ஹெட் அடியில் பெரும்பாலும் 3/8 அங்குல மரை, கேமரா பிடிக்கும் திருகு 1/4 அங்குலம். தட்டின் அடிப்பக்கத்தில் சின்னச் சின்ன ஆலன் திருகுகள் மூன்று இருக்கலாம். ஹெட் தானாகக் கழன்றுவிடாமல் அவை பிடித்துக்கொண்டிருக்கும். அவற்றைத் தளர்த்தாமல் பலம் கொடுத்துத் திருகினால் ஹெட்டின் அடிப்பாகம் கிழிபடும். முன்னால் வைத்திருந்தவர் அப்படிச் செய்திருந்தால் வட்டக் கீறல்கள் சொல்லிவிடும்.

சேர்த்து வைத்து ஒரு கடைசிச் சோதனை

எல்லாவற்றையும் பூட்டி, தண்டு கீழே இருக்க, லைவ் வியூவைப் பத்து மடங்கு வைத்துக் காலை விரலால் ஒரு தட்டுத் தட்டுங்கள். படம் நடுங்கி அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று எண்ணுங்கள். ஒன்று, இரண்டுக்குள் அடங்கினால் நல்ல ட்ரைபாட். ஐந்து வரை எண்ண வேண்டியிருந்தால் உங்கள் லென்ஸுக்கு அது போதாது. இப்போது தண்டை முழுக்கத் தூக்கி அதே தட்டு. இந்த வித்தியாசத்தை மாணவர்கள் ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் அப்புறம் தண்டைத் தூக்குவதே இல்லை. பெட்டியில் அச்சிட்ட சுமை அளவை விட இந்த எண்ணிக்கையைத்தான் நான் நம்புகிறேன். எத்தனை கிலோ தாங்கும் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் வழியில் அளக்கிறது, ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது.

வாங்கி வந்த அன்றே கழுவுங்கள். திருகுப் பூட்டு என்றால் வளையத்தை முழுக்கக் கழற்றி குழாயை வெளியே இழுங்கள். அதன் தலையில் அரை வளையமாக இரண்டு பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும், எது எந்தப் பக்கம் என்று கைபேசியில் படமெடுத்துக்கொண்டு பிறகு எடுங்கள். சோப்புத் தண்ணீர், பழைய டூத் பிரஷ், நிழலில் ஒரு இரவு. மரையில் மட்டும் மெல்லிய கிரீஸ் தடவுங்கள், குழாயில் வேண்டாம், மண் ஒட்டும். ஒரு காலை முடித்துப் பூட்டிய பிறகே அடுத்த காலைத் தொடுங்கள். மூன்றையும் ஒரே தட்டில் கழற்றிப் போட்டு, எது எதனுடையது என்று தெரியாமல் ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்திருந்த மாணவி ஒருத்தி எனக்குத் தெரியும்.

கடைசியாக, அந்த ட்ரைபாட்டுக்கு எந்த அளவு ஆலன் கீ வேண்டும் என்று பார்த்து, அதை மட்டும் தனியாக எடுத்து, பழைய சைக்கிள் ட்யூபில் ஒரு விரலளவு வெட்டி மேல் காலோடு சேர்த்து மாட்டி வையுங்கள். மாஞ்சோலையில் மேகம் விலகிச் செடி மேல் வெளிச்சம் விழும் நேரத்தில்தான் போல்ட் தளரும், சாவி அப்போது வீட்டு அலமாரியில் இருக்கக் கூடாது.